வொல்லோவைப் பற்றி எழுதப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

எத்தியோப்பியாவின் வடக்கே வொல்லோ வட்டாரத்தில் வாழும் ஒரோமோ இன மக்களைப் பற்றி எழுதப்போகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். இன்று யார் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதை மட்டும் வைத்து அவர்களைக் கணக்கிடாதே. கெமிசேயைத் தலைநகராகக் கொண்ட ஒரோமோ மண்டலத்தில் ஒரோமோ மொழி வீட்டிலும் அலுவலகத்திலும் புழங்குகிறது. அதற்கு வடக்கே ஒரோமோக்கள் குடியேறிய யெஜ்ஜு பகுதியில் அம்ஹாரிக் மொழியும், ராயா பகுதியில் அம்ஹாரிக்கும் திக்ரிஞா மொழியும் மேலோங்கிவிட்டன. மொழியை மட்டும் பார்த்தால் இந்த இரண்டும் விடுபட்டுப்போகும்.

காலவரிசைக்கு, கதா என்ற ஒரோமோக்களின் வயது அணி முறையைப் பிடித்துக்கொள். 8 ஆண்டுக்கு ஒருமுறை பொறுப்பு அடுத்த அணிக்குக் கைமாறும். அன்று புதிய அணி புதிய நிலத்தின் மீது படையெடுத்துத் தன் வீரத்தைக் காட்ட வேண்டியிருந்தது. அதால் சுல்தானகத்தின் இமாம் அகமது எத்தியோப்பியக் கிறிஸ்தவ அரசுடன் நடத்திய போர் 1543இல் முடிந்தபோது இரு தரப்பும் களைத்துக் கிடந்தன. ஒரோமோக்கள் வடக்கே விரைந்து பரவ அது வழிவிட்டது. பாஹ்ரே என்ற எத்தியோப்பியக் கிறிஸ்தவத் துறவி 1593 வாக்கில் அணி அணியாக இதை எழுதிவைத்திருக்கிறார். அவர் எதிர்த்தரப்பு ஆள் என்பதை மறக்காமல் படி. பழைய நூல்களில் ஒரோமோக்களுக்கு வரும் 'கல்லா' என்ற பெயர் இழிசொல். மேற்கோளுக்கு வெளியே அதை எழுதாதே.

ஒரோமோக்களை 'வெளியிலிருந்து வந்தவர்கள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. அன்றைய தலைநகரான கோண்டாரில் 1755 முதல் 1769 வரை அரசராக இருந்த இயோவாஸின் தாய் ஒரோமோ. அரண்மனையிலேயே ஒரோமோ மொழி ஒலித்தது. 1780களிலிருந்து, 1853இல் ஐஷல் போரில் அவர்களில் கடைசியானவரான இரண்டாம் அலி தோற்கும்வரை, பேரரசர்களை ஏற்றியதும் இறக்கியதும் யெஜ்ஜு ஒரோமோ குடும்பத்து ராஸ்கள் (பெருந்தலைவர்கள்) தான். அக்குடும்பம் தனக்கு அரபு மூதாதை ஒருவரையும் சொல்லிக்கொண்டது. அதை மறைக்காதே, வம்சாவளிகள் அங்கே அப்படித்தான் பின்னிக் கிடக்கின்றன.

பெயரை வைத்தும் ஒருவரின் மதத்தையோ இனத்தையோ முடிவு கட்டாதே. 1878இல் பொரு மேதாவில் நடந்த மத மாநாட்டுக்குப் பின் பேரரசர் நான்காம் யோகன்னஸ் வொல்லோ முஸ்லிம்களைக் கிறிஸ்தவத்துக்கு மாற நெருக்கினார். முகம்மது அலி என்ற வொல்லோ தலைவர் மிக்காயேல் ஆனார். அவர் மகன் இயாசு 1913 முதல் 1916 வரை எத்தியோப்பியாவை ஆண்டவர். ஒரே வீட்டில் இரண்டு மதங்களின் பெயர்கள் வருவது வொல்லோவில் புதுமையே அல்ல.

வரைபடம் சேர்ப்பதானால் ஒரோமோ மண்டலத்து ஊர்களான கெமிசே, பாத்தியோடு நிறுத்திவிடாதே. யெஜ்ஜுவின் வொல்தியாவையும் ராயாவின் கோபோ, ஆலமாத்தாவையும் வேறு நிறத்தில் குறித்து, மொழி மாறிய பகுதி என்று கீழே எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்