மாடியிலிருந்து எறிந்த பந்து

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி தேவலையா? மாடி ஏறாதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய்! இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் எறிபொருள் இயக்கம், அதாவது எறிந்த பொருள் எப்படிப் போய் விழுகிறது என்ற பாடம் நடக்கிறது, வீட்டில் பத்து நாளாக அதே பேச்சுதான்.

நேற்று ஒரு கணக்கோடு வந்தாள். 15 மீட்டர் உயர மாடியிலிருந்து, கிடைமட்டத்துக்கு 30 டிகிரி மேலாக, நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பந்தை எறிந்தால் எவ்வளவு தள்ளித் தரையில் விழும்? ஈர்ப்பு முடுக்கம் 10. நெடுக்கத்துக்கான, அதாவது பந்து கிடைமட்டமாகப் போகும் தூரத்துக்கான சூத்திரத்தில் எண்களைப் போட்டு 34.6 மீட்டர் என்று எழுதியிருந்தாள். "அங்கே பந்து எங்கே இருக்கிறது, வரைந்து காட்டு" என்றேன். வரைந்தாள். பந்து மாடி மட்டத்தில், அந்தரத்தில்! எறிந்த மட்டத்திலேயே விழும் பந்துக்குத்தான் அந்தச் சூத்திரம் என்பதை யாரும் அவளுக்கு அழுத்திச் சொல்லவில்லை போல.

அப்புறம் தாளின் நடுவே ஒரு கோடு போட்டோம். இந்தப் பக்கம் மேலே-கீழே, அந்தப் பக்கம் கிடைமட்டம். கலிலியோ 1638இல் பிரித்துக் காட்டியதும் இப்படித்தான். இரண்டுக்கும் பொதுவானது நேரம் மட்டுமே; அதை 'த' என்று வைத்துக்கொண்டோம். செங்குத்து வேகம் 10; மேல்நோக்கி கூட்டல் என்றால் தரை −15. ஆக −15 = 10த − 5த². த = 3 அல்லது −1. கிடைமட்ட வேகம் 17.3, மூன்று நொடிக்கு ஏறக்குறைய 52 மீட்டர்.

அந்த −1ஐ அடிக்கப் போனாள், தடுத்தேன். அதே பாதையைப் பின்னால் நீட்டிப் பார்த்தால், ஒரு நொடி முன்பு பந்து தரையிலிருந்து கிளம்பியிருக்கும். கணக்குக்கு மாடி இருப்பது தெரியாதே!

நம் காலத்தில் "45 டிகிரிதான் அதிக தூரம்" என்று ஒரே பாட்டு, ஞாபகம் இருக்கிறதா? இதே மாடியிலிருந்து 45 டிகிரியில் எறிந்தால் 51.6 மீட்டர்தான், 30 டிகிரியைவிடக் குறைவு. 37 டிகிரிவாக்கில் எறிந்தால் 53 மீட்டர் வரை போகிறது. விளையாட்டுப் போட்டியில் இரும்புக் குண்டு எறிகிறவர்களும் கை உயரத்திலிருந்து விடுவதால் 45க்குக் கீழேதான் விடுகிறார்கள். நான் நம்பாமல் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். நீயும் ஒரு தடவை போட்டுப் பார், வேறு விடை வந்தால் எழுது.

பொங்கலுக்கு வருவாய்தானே?

அன்புடன்,
வள்ளி