இரும்பு ஊசி கிளெய்ம்: காப்பீட்டு நிறுவன மருத்துவ அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டார மருத்துவமனைகளின் இன்சூரன்ஸ் மேசையிலிருந்து எழுதுகிறோம். ரத்தசோகைக்கு நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு ஊசிக்கான கிளெய்ம்கள் ஏன் திரும்பி வருகின்றன என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. காரணம் எழுதுவதே நீங்கள்தான்.

காலையில் ஊசி ஏற்றி மாலையில் வீட்டுக்கு அனுப்பினால், "24 மணி நேரம் தங்கவில்லை" என்று மறுப்பு. ஒரு ராத்திரி தங்கவைத்தால், "வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாம்" என்று மறுப்பு. இரண்டில் எது சரி என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

அதிக மாதவிடாய்ப் போக்கால் ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கிய, 50 கிலோ எடையுள்ள தனியார் பள்ளி ஆசிரியை என்று வையுங்கள். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உடலுக்கு எவ்வளவு இரும்பு வேண்டும் என்று பார்க்கும் கான்சோனி கணக்கில், ஹீமோகுளோபின் இலக்கு 15 என்றால் எடை 50 × குறைவு 8 × மாறிலி 2.4, அதோடு உடலின் இரும்புச் சேமிப்புக்கு 500. ஆக 1,460 மி.கி. இரும்பு வேண்டும். அயர்ன் சுக்ரோஸ் என்ற ஊசி மருந்து ஒரு தடவைக்கு 200 மி.கி. வீதம் எட்டுத் தடவை. எட்டு நாள் சம்பளமும் பிடித்தம். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இன்னொரு மருந்து என்றால் வாரம் 1,000 மி.கி. வரை ஏற்றலாம், இரண்டு தடவையில் முடியும். ஏற்றுவதற்கு 15 நிமிடம்தான். ஆனால் பிறகு அரை மணி நேரமாவது கண்காணிப்பு வேண்டும், கடும் ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் போகாது. வீட்டில் வைத்துப் போடும் ஊசியா இது?

இதையும் "சத்து மருந்து" என்று பாலிசியின் விலக்குப் பட்டியலில் எண் 14-இல் தள்ளுகிறீர்கள். அந்த விதியைக் கடைசிவரை வாசியுங்கள்: மருத்துவமனை அனுமதியிலோ, 24 மணி நேரம் தங்காமலே முடியும் டே கேர் சிகிச்சையிலோ மருத்துவர் எழுதிக்கொடுத்தால் விலக்கு பொருந்தாது. சிறுநீரக நோயாளிக்கு ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) 60 இருக்கிறதே என்றும் கேள்வி வருகிறது. அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் ஏறித்தான் காட்டும். ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருப்பதையும் அதே ரிப்போர்ட்டில் பாருங்கள்.

ஹீமோகுளோபின் 5-க்கு இறங்கும்வரை காத்திருந்து ரத்தம் ஏற்றினால் மறுபேச்சில்லாமல் பாஸ் ஆகும். அதுவரை பொறுத்திருங்கள் என்று நோயாளியிடம் நாங்கள் சொல்லட்டுமா?

கோபத்தைப் பொறுத்தருள வேண்டும். கேட்பது ஒன்றுதான்: இரும்பு ஊசியை டே கேர் சிகிச்சையாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஃபெரிட்டின், மாத்திரை ஒத்துக்கொள்ளாத குறிப்பு, ரத்தப்போக்கின் காரணம், அளவுக் கணக்கு, மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் எல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியோடு வைத்தே அனுப்புகிறோம். அப்படியும் மறுப்பதென்றால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 சுற்றறிக்கைப்படி மறுஆய்வுக் குழு பார்த்த பிறகு, பாலிசியின் எந்த விதி என்று குறிப்பிட்டு மறுங்கள். புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைகளை விசாரிக்கும் சென்னை ஒம்புட்ஸ்மேனுக்கு மனு எழுதக் கட்டணமில்லை என்பதை நோயாளிகளுக்குச் சொல்லித்தான் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
குமரி மாவட்ட மருத்துவமனைக் காப்பீட்டு மேசைப் பணியாளர்கள்