முதலில் எந்த பண்டல் என்று கேள்

ஹொங்கசந்திரா, பெங்களூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவின் முட்டி வலி பரவாயில்லை, மெட்ரோ ஸ்டேஷன் படியைப் பார்த்தால் மட்டும் முறைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து எனக்குக் கையில் வேலை ஓடவில்லை. அன்றைக்கே சொல்லியிருப்பேன். நான் வாயைத் திறந்தால் "அம்மா, உங்க கார்மெண்ட்ஸ் வேற, எங்க ஆபீஸ் வேற" என்று பாதியில் வெட்டிவிடுவாய். எழுதினால் வெட்ட முடியாதே.

நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. உன் டீமில் அந்தப் புதுப் பையனிடம் கொடுத்த வேலை வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்று அவனுக்குச் செவ்வாய்க்கிழமையே தெரிந்திருக்கிறது. தினமும் காலையில் நின்றுகொண்டே ஒரு மீட்டிங் போடுவீர்களே, அதில் "போயிட்டிருக்கு, போயிட்டிருக்கு" என்றே சொல்லியிருக்கிறான். வெள்ளிக்கிழமை கிளையண்ட் கேட்டபோது குட்டு வெளிப்பட்டது. உன் மேனேஜர் உன்னைக் காய்ச்சி எடுத்தார். அந்தச் சூட்டோடு நீ ஆபீஸ் குரூப்பில் அவன் பேரைப் போட்டு நாலு வரி எழுதிவிட்டாய். இப்போது மொத்த டீமும் உன்னிடம் "ஓகே" தவிர வேறு பேசுவதில்லை.

அந்தப் பையன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. முடியாததை முடியாது என்று சொல்லத் தெரியாதவனோடு யாராலும் மாரடிக்க முடியாது. ஆனால் அவ்வளவு நேரம் அவனைப் பற்றிப் பேசினாயே, அதில் ஒரு விஷயம் வரவே இல்லை. செவ்வாய்க்கிழமை உன்னிடம் வந்து சொல்ல அவனுக்கு ஏன் மனசு வரவில்லை? அதைக் கண்டுபிடிக்கத்தான் உனக்கு லீட் என்று பேர் வைத்து, சம்பளத்தையும் ஏற்றியிருக்கிறார்கள்.

பொம்மனஹள்ளியில் நான் லைன் சூப்பர்வைசராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். சட்டை லைன். கட்டிங்கில் துணியை அடுக்கடுக்காகப் பரப்பி ஒரே வெட்டாக வெட்டுவார்கள். அப்புறம் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பதினாலாம் நம்பர் கை பதினாலாம் நம்பர் உடம்போடுதான் சேர வேண்டும். கண்ணுக்கு ஒரே நீலமாகத் தெரிந்தாலும் ரோலுக்கு ரோல் சாயம் கொஞ்சம் மாறும். ஒடிசாவிலிருந்து வந்த ஹெல்பர் பெண் ஒருத்தி, வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டேபிளில் இருந்து இரண்டு பண்டல் (வெட்டிய துண்டுகளின் கட்டு) கீழே விழுந்து ஸ்டிக்கர் சிலது உதிர்ந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. கண்ணால் பார்த்து, தோராயமாக ஜோடி சேர்த்து, மிஷினுக்கு அனுப்பிவிட்டாள்.

அப்போதே சொல்லியிருந்தால் ஒரு நாற்பது பீஸ். டேபிளில் பரப்பி வைத்துப் பத்து நிமிஷத்தில் பிரித்திருக்கலாம். ஃபினிஷிங்கில் இஸ்திரி போட்டு டியூப் லைட்டுக்கு அடியில் விரித்தபோதுதான் ஒரு கை மட்டும் அடர்த்தியாக இருப்பது தெரிந்தது. எந்த நாற்பது என்று தெரியாததால் அந்த சைஸ் அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டினோம். கையைப் பிரித்தால் ஊசி ஓட்டை தெரியும், அதை நீராவியில் அழுத்தி மறைக்க வேண்டும். மறுநாள் பையர் (சட்டை வாங்குகிற கம்பெனி) இன்ஸ்பெக்‌ஷன். ராத்திரி ஒன்பது வரை உட்கார்ந்திருந்தோம். ஃப்ளோர் இன்சார்ஜ் மாடி அதிர "யார் பண்ணியது? யார் பண்ணியது?" என்று கத்திக்கொண்டே இருந்தார். யாராவது வாயைத் திறப்பார்களா?

சில நாள் கழித்து வேனுக்குக் காத்திருக்கும்போது அவளாகவே வந்து சொன்னாள். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு முந்தின வாரம் இன்னொரு லைனில் ஒருத்திக்கு ஊசி உடைந்தது. உடைந்த துண்டு முழுசும் கிடைத்து ரெஜிஸ்டரில் ஒட்டினால்தான் புது ஊசி தருவார்கள், சட்டைக்குள் ஒரு துணுக்கு போய்விட்டால் பெரிய வம்பு. அவளுக்கு ஒரு துண்டு கிடைக்கவில்லை. சாப்பாட்டு பெல் அடிக்கிற வரை அவளை மிஷின் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். ஊசி உடைந்ததை அவளே போய்ச் சொன்னவள்! இந்தப் பெண் அதைப் பார்த்திருக்கிறாள். சொன்னால் நிச்சயம் திட்டு, சொல்லாவிட்டால் தப்பித்தாலும் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அந்தக் கணக்கைத்தான் போடுவார்கள்.

அதற்கப்புறம் என் லைனில் ஒரு வழக்கம் வைத்தேன். தப்பு நடந்தால் எந்த பண்டல், எத்தனை பீஸ், இவ்வளவுதான் முதலில் கேட்பேன். பேர் அப்புறம். போர்டில் அந்த மணி நேரத்தின் எண்ணிக்கை எழுதுவதற்குள் வந்து சொன்னால் ஒரு சொல் திட்டு கிடையாது. சொல்லிவிட்டேனே தவிர, ரொம்ப நாள் யாரும் நம்பவில்லை. முதலில் வந்தது கஃப் வைக்கும் ஒரு வயசான டெய்லரம்மா. வெள்ளை நூலுக்குப் பதில் கிரீம் நூல் போட்டு ஓட்டிவிட்டார். எனக்கு உள்ளே கொதித்தது, அன்றைக்கு ஏற்கெனவே டார்கெட்டில் முப்பது பீஸ் பின்னால் இருந்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு "எத்தனை பீஸ்க்கா?" என்று மட்டும் கேட்டேன். மிஷின் சத்தத்துக்கு நடுவிலும் சுற்றி இருந்த அத்தனை பேர் காதும் எங்கள் பக்கம்தான் இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

உன் குரூப்பில் நீ எழுதிய நாலு வரியையும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். அவனுக்கு எழுதியதாக நீ நினைக்கிறாய். மற்ற ஆறு பேரும் தங்களுக்கு வந்ததாகப் படித்திருப்பார்கள்.

இன்னொன்று. மேலே இருந்து வருகிற திட்டை அப்படியே கீழே தள்ளாதே. எங்கள் மாடியில் புரொடக்‌ஷன் மேனேஜர் இன்சார்ஜைத் திட்டுவார், அவர் சூப்பர்வைசரை, சூப்பர்வைசர் டெய்லரை, டெய்லர் ஹெல்பரை. ஹெல்பர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை அடிப்பாள். காலை ஒன்பது மணிக்கு ஒருவர் போட்ட சத்தம் ராத்திரி எங்கேயோ ஒரு குழந்தையின் முதுகில் விழும். நடுவில் இருக்கிறவள் செய்ய வேண்டியது, திட்டைத் தன்னோடு வைத்துக்கொண்டு விஷயத்தை மட்டும் கீழே கொண்டுபோவது. கஷ்டம்தான். அதற்காகத்தான் நான் கேன்டீன் பின்னால் போய்த் தனியாக ஒரு டீ குடித்துவிட்டு வருவேன்.

உன் மேனேஜரிடமும் இதே கதைதான். வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட் போகாது என்று எனக்குப் புதன்கிழமையே தெரிந்தால், அன்றைக்கே மாடி ஏறிப் போய், "இருநூறு பீஸ் குறையும் சார். மூணாவது லைனில் இருந்து காலர் டெய்லர் ரெண்டு பேர் கொடுங்க, இல்லாட்டி சனிக்கிழமை ஓவர்டைம் போடுங்க" என்பேன். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம், அதைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கும். ஆனாலும் ஏதாவது ஒன்று கொடுப்பார். வெறும் கஷ்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் சாக்கு என்று நினைப்பார்கள். தேதியையும் எண்ணிக்கையையும் கொண்டுபோனால் பேச உட்காருவார்கள். கிளையண்ட்டிடம் வாக்குக் கொடுக்கும் முன்னால் உன்னைக் கேட்டாரா உன் மேனேஜர்? கேட்கவில்லை என்றால் அதையும் அவரிடம் சொல்ல வேண்டியவள் நீதான்.

ஆபீஸில் மோட்டிவேஷன் வகுப்பு வைக்கப் போவதாகச் சொன்னாய். எங்களுக்கும் ஒரு தடவை வைத்தார்கள். கோட்டு போட்ட ஒருவர் வந்து எல்லாரையும் எழுந்து நின்று கை தட்டச் சொன்னார், "என்னால் முடியும்" என்று கத்தச் சொன்னார். ஷிப்ட் முடிந்த பிறகு. கத்தி முடிப்பதற்குள் வேன் போய்விட்டது. அந்த மாதம் இன்சென்டிவ்வைத் தேதிக்குக் கொடுத்திருந்தால் அதைவிட நன்றாக வேலை நடந்திருக்கும். ஹெச்ஆர் ரூம் வாசலில் கேமராவுக்கு நேர் கீழே ஒரு புகார்ப் பெட்டியும் இருந்தது. ஒரு நாள் திறந்து பார்த்தார்கள், மிட்டாய்க் காகிதம் இருந்ததாம். புகாரே இல்லை என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

எல்லாரும் அமைதியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு 2016 ஏப்ரல் 18ஐ நான் சொல்வேன். திங்கட்கிழமை. நீ அப்போது ஸ்கூலில் இருந்தாய், அன்றைக்கு நான் நடந்தே வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கும். பிஎஃப் பணத்தில் கம்பெனி போடுகிற பங்கை 58 வயசுக்கு முன்னால் எடுக்க முடியாது என்று பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. கார்மெண்ட்ஸில் 58 வயசு வரை யார் தைக்கிறார்கள்? நாற்பத்தைந்தைத் தாண்டினாலே கண்ணும் இடுப்பும் போய்விடும். எங்கள் பெண்களுக்கு பிஎஃப் என்றால் ஜூன் மாத ஸ்கூல் ஃபீஸ், லீஸுக்கு எடுக்கிற வீடு, பெண்ணின் கல்யாணம். அதை எடுப்பதற்காகவே வேலையை விட்டுவிட்டு வேறு கம்பெனியில் சேர்கிறவர்கள் எத்தனை பேர். விதி வந்து இரண்டு மாதம் ஆகியும் எங்கள் மாடியில் மைக்கைப் பிடித்துப் பத்து நிமிஷம் விளக்கிச் சொல்ல ஒருவரும் வரவில்லை. டார்கெட்டுக்கு மட்டும் மைக் வேலை செய்யும். பெண்கள் டாய்லெட்டில் பேசிக்கொண்டார்கள், வேனில் பேசிக்கொண்டார்கள், பேப்பரில் வந்ததைப் படித்துக் காட்டினார்கள். மொத்தப் பணமும் போச்சு என்கிற அளவுக்குப் பேச்சு வளர்ந்துவிட்டது.

அப்புறம் ஒரு காலையில் எழுந்து வெளியே போய்விட்டார்கள். எந்த யூனியனும் கூப்பிடவில்லை, தலைவர் என்று ஒருவரும் இல்லை. ஓசூர் ரோடு அடைத்துக்கொண்டது. மறுநாள் பீனியா, ஜாலஹள்ளி கிராஸ் பக்கமெல்லாம் பரவி, பஸ் எரிந்தது, போலீஸ் தடியடி நடத்தியது. அன்றைக்கே, 19ஆம் தேதியே, மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. எங்கள் கம்பெனி ஹெச்ஆர் அதற்கடுத்த வாரம் வந்து "எங்களிடம் முதலில் சொல்லியிருக்கலாமே" என்றார். நூறு பேரோ அதற்கு மேலோ இருக்கிற ஃபேக்டரியில் முதலாளி தரப்பும் தொழிலாளி தரப்பும் சமமாக உட்காரும் ஒரு கமிட்டி வைக்கச் சொல்லலாம் என்று அப்போதிருந்த 1947ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருந்தது. எங்கள் கமிட்டியில் தொழிலாளி பேரையும் ஹெச்ஆரே எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார். அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வது?

இதை எல்லாம் வைத்து எல்லாரையும் தடவிக்கொடு என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நிஜமாகவே வேலை செய்யாதவர்களும் உண்டு. என் லைனில் ஒருத்தி எந்த நேரமும் அடுத்தவர் பண்டலைத் தன் கணக்கில் எழுதிவிடுவாள். இரண்டு தடவை தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன், மூன்றாவது தடவை எழுதிக் கொடுத்து வேறு லைனுக்கு மாற்றிவிட்டேன். அதற்கு எனக்கு வருத்தமே இல்லை. அந்தப் பையன் அந்த ரகமா, பயந்த ரகமா என்று நீதான் பார்க்க வேண்டும். நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் பயந்த ரகம் மாதிரித்தான் எனக்குப் படுகிறது. ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து முடிக்கப் பார்த்தான் என்றாயே. ஏமாற்றுகிறவன் அவ்வளவு கஷ்டப்பட மாட்டான்.

அவனைக் கூப்பிட்டுப் பேசு. மெசேஜில் வேண்டாம், முகத்தைப் பார்த்துப் பேசு. வேலை எங்கே நின்றது, எப்போது தெரிந்தது, என்ன கிடைத்திருந்தால் முடித்திருப்பாய் என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இரு. உனக்கு அதுதான் கஷ்டம், சின்ன வயசிலிருந்தே. குரூப்பில் எழுதியதற்குக் குரூப்பிலேயே ஒரு வரி எழுது. திட்டியது அத்தனை பேர் நடுவில், வருத்தம் மட்டும் தனி ரூமிலா?

வியாழக்கிழமை உன் மேனேஜரிடம் பேசப் போவதாகச் சொன்னாய். அதற்கு முன்னால் பையனிடம் பேசி முடித்துவிடு, இல்லாவிட்டால் அவர் கேட்கிற கேள்விக்கு உன்னிடம் பதில் இருக்காது. பேசிவிட்டு எனக்குப் போன் பண்ணு. ஆறு மணிக்கு மேல் வேண்டாம், அன்றைக்கு எங்கள் தெருவில் சீட்டு எடுக்கிறார்கள். இந்த மாசமாவது எனக்கு விழுமா பார்க்கலாம்.

பொங்கலுக்குப் பூனாவிலிருந்து ரயிலா பஸ்ஸா என்று அப்பா கேட்கிறார். சீக்கிரம் டிக்கெட் போட்டுவிடு.

அன்புடன்,
அம்மா