கேக்கில் தங்கப் பொடி தடவச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார ஞாயிறு இணைப்பில், குழந்தைகளின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே கேக் செய்து அலங்கரிப்பது பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. படம் கண்ணைப் பறித்தது. அதில் ஒரு வரிதான் எனக்கு உறுத்தல். "கடைசியாகத் தங்க நிறப் பொடியை மெல்லிய பிரஷால் தடவினால் கேக் தகதகவென்று மின்னும்" என்று எழுதியிருந்தீர்கள். எந்தப் பொடி என்று சொல்லவில்லை. போதாக்குறைக்கு, கைவினைப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் என்று வேறு சேர்த்திருந்தீர்கள். நான் 31 வருடம் பெயின்டராக வேலை பார்த்து ஓய்ந்தவன். தங்கப் பொடியைக் கிலோ கணக்கில் குழைத்தவன். அதனால்தான் இந்தக் கடிதம்.

கதவு, கிரில், படச்சட்டம் எதற்காவது தங்க நிறம் கேட்டால், பொடியை வார்னிஷில் குழைத்து அடிப்போம். பெயரில்தான் தங்கம். உள்ளே இருப்பது செம்பும் துத்தநாகமும். பித்தளையை மாவாக அரைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும், மூக்கில் துணி கட்டாமல் தொடமாட்டோம். நாளாக ஆகக் கறுக்கும், சில இடத்தில் பச்சை பூக்கும். வெள்ளி நிறம் கேட்டால் அலுமினியப் பொடி. கைவினைக் கடையில் சின்னச் சின்னக் குப்பியில் விற்கிற மின்னும் பொடிகளிலும் இதே ஜாதி உண்டு. குப்பியின் மேல் 'நச்சற்றது' என்று அச்சடித்திருக்கும். படம் வரைகிற பிள்ளையின் விரலில் ஒட்டினால் பயப்பட வேண்டாம் என்கிற அளவுக்குத்தான் அந்த வார்த்தை. தின்னலாம் என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

நான் ஏதோ பழைய ஆள் பயமுறுத்துகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், ஒரு வயதுக் குழந்தையின் பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. கேக்கின் மேல் தடவியிருந்த தங்க நிறப் பொடியைச் சோதித்துப் பார்த்தால், செம்புத் தூள். அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் இதை வெளியிட்டிருக்கிறது. மகள் போனில் படித்துக் காட்டினாள். அவளுக்கு அதிர்ச்சி. எனக்கு, குப்பிக்குள் என்ன இருக்கும் என்று தெரிந்ததுதான்.

சாப்பிடவென்றே செய்த மின்னும் பொடியும் இருக்கிறது. அதன் லேபிளில் உண்ணத்தக்கது என்று நேராகவே எழுதியிருக்கும், உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியலும் இருக்கும். பட்டியல் இல்லாத குப்பியைச் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள். இவ்வளவையும் நீங்கள் இரண்டே வரியில் போட்டிருக்கலாம்.

சரி, குறை சொல்வதற்கு மட்டும் பேனாவை எடுக்கவில்லை. உங்கள் பக்கத்தைப் பார்த்து நானும் கேக் செய்தேன். பேத்திக்கு போன வியாழக்கிழமை ஆறு வயது. என்ன கேக் வேண்டும் என்று கேட்டேன். மீன் என்றாள். ஆரஞ்சு நிறத்தில் செய்துவிடலாம் என்றேன். "ஆரஞ்சு மீன் இல்ல தாத்தா, தங்கமீன். தங்கம் மாதிரி இருக்கணும்" என்றாள். பாருங்கள், தங்கப் பொடி வேண்டாம் என்கிறவனிடம் வந்து தங்கம் கேட்கிறாள்.

திங்கட்கிழமை ஒத்திகை பார்த்தேன். 'அரை மணி நேரத்தில் தயார்' என்று தலைப்பில் போட்டிருந்ததை நம்பியதுதான் முதல் தப்பு. வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சர்க்கரையைப் போட்டு அடித்தேன். குளிர்ந்த முட்டையை ஊற்றினேன். கலவை திரிந்த பால் மாதிரி ஆயிற்று. ஓவனுக்குள் வைத்துப் பதினைந்தாவது நிமிடம், உப்பியிருக்கிறதா என்று கதவைத் திறந்து பார்த்தேன். உப்பித்தான் இருந்தது, என் கண் முன்னாலேயே நடுவில் குழி விழுந்தது. இதெல்லாம் போகட்டும். கேக் கைசூடாக இருக்கும்போதே மேலே கிரீமைத் தடவினேன் பாருங்கள், அதுதான் பெரிய கூத்து. வெண்ணெய்க் கிரீம் அப்படியே உருகி, ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் போல, நாலு பக்கமும் வழிந்து தட்டில் இறங்கிவிட்டது. சுவர் காயாமல் பிரஷை எடுத்த பையன்களை நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். "சுவர் இன்னும் காயலையே மேஸ்திரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்புறம்தான் புத்தி வந்தது. கேக் அலங்காரம் பெயின்ட் வேலைதான். அதற்கான ஒழுங்கில் செய்தால் வரும்.

புதன்கிழமை மத்தியானம் வெண்ணெயையும் முட்டையையும் இரண்டு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஆரம்பித்தேன். கணக்கு சுலபம். நாலு முட்டையை உடைத்து எடை போட்டால் 200 கிராம் சுமாருக்கு வரும். அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குச் சர்க்கரை, அதே எடைக்கு மைதா. மைதாவோடு இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர். டப்பா பழசாக இருந்ததால் ஒரு ஸ்பூனை வெந்நீரில் போட்டுப் பார்த்தேன், புசுபுசுவென்று நுரைத்தது; உயிர் இருக்கிறது. வெண்ணெயும் சர்க்கரையும் நிறம் வெளுக்கிற வரைக்கும் அடிக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே காற்று நிற்கும். 20 சென்டிமீட்டர் வட்டத் தட்டில் ஊற்றி, 170 டிகிரியில் வைத்தேன். இந்தத் தடவை 40 நிமிடம் வரை கதவைத் தொடவில்லை. அப்புறம் நடுவில் குச்சியைக் குத்திப் பார்த்தேன், லேசாக ஒட்டியது. இன்னொரு எட்டு நிமிடம். பத்து நிமிடம் தட்டிலேயே ஆறவிட்டு, கம்பி வலையில் கவிழ்த்து, முழுக்கச் சூடு போனபின் உறையில் சுற்றி ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். புதுக் கேக்கை வெட்டினால் தூளாக உதிரும். ஒரு ராத்திரி தாண்டினால் கத்திக்கு அடங்கும்.

காலையில் மேலே புடைத்திருந்ததைச் சீவி மட்டமாக்கினேன். சீவியதெல்லாம் பேத்தி வாய்க்குள் போயிற்று. மீன் செய்ய அச்சு எதுவும் வேண்டியதில்லை. வட்டக் கேக்கில் ஒரு ஓரத்திலிருந்து முக்கோணமாக ஒரு துண்டு வெட்டி எடுங்கள். வெட்டிய இடம் மீனின் வாய். அந்தத் துண்டின் கூர்முனை உடலைத் தொடும்படி எதிர்ப்பக்கம் ஒட்டினால் வால். ஒரு துளி வீணில்லை.

இனிமேல்தான் உங்கள் கட்டுரை விட்டுவிட்ட பாகம். வெட்டின ஓரத்தில் கிரீமைத் தடவினால் கேக் தூள் கிளம்பி வந்து கிரீமோடு கலந்துவிடும். வெள்ளைச் சுவரில் மண் ஒட்டியது மாதிரி, எத்தனை முறை தடவினாலும் போகாது. சுவருக்கு நாங்கள் முதலில் பட்டி பார்ப்போம், அதாவது பசை பூசி ஓட்டை உடைசலை அடைப்போம். கேக்குக்கும் அதே வைத்தியம். கொஞ்சம் கிரீமைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து, அடியில் கேக் தெரிகிற மாதிரி மெல்லிசாக இழுத்து, ஓட்டை உடைசலை அடைத்து, தூளையெல்லாம் அதிலேயே பிடித்து வைத்துவிட வேண்டும். அந்தக் கிண்ணத்துக் கிரீமைத் திரும்பப் பெரிய கிண்ணத்தில் கலக்கக் கூடாது. பிறகு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில். தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது. அதன் மேல்தான் நிஜக் கோட். இதற்கென்று தட்டைக் கத்தி விற்கிறார்களாம். நான் பீரோவில் பிரிக்காமல் கிடந்த புதுப் பட்டித் தகட்டை வெந்நீரில் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டேன். கை தானாக வேலை செய்தது. மீனின் முதுகு வளைவில் ஒரே இழுப்பு. இத்தனை வருடம் கழித்து அந்தச் சத்தம், தகடு சறுக்குகிற அந்தச் சின்னச் சத்தம், கேட்க நன்றாக இருந்தது.

கிரீம் 250 கிராம் வெண்ணெய்க்கு 500 கிராம் ஐசிங் சர்க்கரை, இரண்டு ஸ்பூன் பால். நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு. வெண்ணெயே மஞ்சள். மீனைச் சுற்றித் தண்ணீருக்கு நீலம் போட்டால் பச்சையாகப் போகும். சுண்ணாம்பு அடிக்கும்போது மஞ்சள் தட்டாமல் இருக்கத் துளி நீலம் போடுவோமே, அந்த யோசனைதான் கைகொடுத்தது. இங்கே மஞ்சளை அடக்க ஊதா. பல்குச்சி நுனியில் தொட்ட அளவு ஊதா கலந்ததும் கிரீம் வெளுத்தது, அதற்கு மேல் நீலம் நீலமாகவே நின்றது. நிறத்துக்குத் திரவத்தைவிடக் களி மாதிரி இருப்பதே நல்லது, திரவம் கிரீமை இளக்கிவிடும். கலந்த உடனே நிறம் பற்றவில்லை என்று மேலும் மேலும் போடாதீர்கள். சில மணி நேரத்தில் தானே அழுத்தமாகும்.

அடுத்தது தங்கம். ஒரு காலத்தில் பெயர்ப்பலகையும் எழுதினேன். தங்கப் பொடி வாங்கக் கட்டுப்படியாகாத பலகைகளில் தங்க எழுத்தை எப்படி வரைவோம் தெரியுமா? மண் மஞ்சள், ஒரு ஓரத்தில் பழுப்பு, எதிர் ஓரத்தில் ஊசி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் தங்கம். அதையே செய்தேன். மஞ்சள் கிரீமில் ஒரு சிட்டிகை கோகோ போட்டால் மண் மஞ்சள். இன்னும் கொஞ்சம் கோகோவும் ஆரஞ்சும் சேர்த்தால் முதுகுக்கு. வயிற்றுக்கு வெளிர் மஞ்சள். மூன்றையும் மூன்று பையில் போட்டு நுனியை வெட்டிக்கொண்டேன். வால் பக்கமிருந்து ஒரு வரிசை பொட்டு வைத்து, ஒவ்வொரு பொட்டையும் டீஸ்பூனின் முதுகால் தலைப் பக்கம் இழுத்துவிட வேண்டும். இழுத்த இடத்தின் மேல் அடுத்த வரிசைப் பொட்டு. ஓடு வேய்கிற மாதிரிதான், கீழிருந்து மேலே. நான் முதலில் தலையிலிருந்து ஆரம்பித்து, செதில் எல்லாம் எதிர்த்திசை பார்க்க, இரண்டு வரிசையை வழித்து எடுத்தேன். கடைசியில் ஒவ்வொரு செதிலிலும் ஒரே பக்கம் வெள்ளைக் கீற்று. எண்ணவில்லை, நூறுக்கு மேல் இருக்கும். இடுப்பு பிடித்துக்கொண்டது.

அலங்காரத் துண்டுகள் நிற்கப் பல்குச்சி குத்துங்கள், வெள்ளி உருண்டைகள் பதியுங்கள் என்றும் உங்கள் குறிப்பில் இருந்தது. எங்கள் வீட்டில் ஒன்றரை வயதுப் பேரனும் உண்டு. உருண்டையான கடினமான எதுவும் அவன் தொண்டையில் சிக்கும். கிரீமுக்குள் ஒளிந்த குச்சி யார் வாயில் வேண்டுமானாலும் குத்தும். துடுப்பை மெல்லிய பிஸ்கெட்டில் வெட்டிச் செருகினேன். கண்ணுக்கு ஒரு வட்ட பிஸ்கெட், அதன் மேல் உருக்கிய சாக்லேட், ஒரு வெள்ளைப் புள்ளி.

ஆகவே, அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தத் தங்கப் பொடி வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்பக்கத்தில் வேண்டாம், அதே சமையல் பக்கத்தில் போதும். பத்திரிகையை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். திருத்தத்தையும் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்வார்கள். 'அரை மணி நேரம்' என்பதையும் முடிந்தால் 'ஒன்றரை நாள்' என்று மாற்றுங்கள்.

பேத்தி மீனைப் பார்த்துவிட்டு, "இது தங்கமா, பெயின்டா?" என்று கேட்டாள். வெண்ணெய் என்றேன். நம்பாமல் வாலை நக்கிப் பார்த்தாள். வால், முதுகு, வயிறு எல்லாவற்றையும் வெட்ட விட்டவள், கண்ணை மட்டும் தரமாட்டேன் என்று அழுதாள். அதை ஒரு சாசரில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறோம். இன்று நாலாவது நாள். பள்ளிக்குக் கிளம்பும் முன் திறந்து பார்த்து, அது தன்னைப் பார்க்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறாள். பிஸ்கெட் நமுத்துவிட்டது. எப்போது தூக்கிப் போடுவது என்று என் மனைவி என்னைக் கேட்கிறாள், நான் அவளைக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெயின்டர், உங்கள் நெடுநாள் வாசகர்