எல்லையோரத் தூண் குறித்து நண்பருக்கு

அன்பு நண்பருக்கு,

வணக்கம். பாலப் பணிகளிலிருந்து விலகி, வீடுகளுக்கான கட்டமைப்பு வடிவமைப்பை ஏற்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். நானும் இப்போது வீடுகளை மட்டுமே பார்த்து வருகிறேன். சுமை குறைவு என்பதால் வேலையும் எளிது என்று எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. பெரிய பணியில் மண் ஆய்வும் நாள்தோறும் மேற்பார்வையும் இருக்கும். வீட்டிலோ, குழிக்குள் நின்று கம்பி கட்டுபவரிடம் நமக்காகப் பேசுவது வரைபடம் ஒன்றுதான்.

மனையின் எல்லையை ஒட்டி நிற்கும் தூணுக்கு அடித்தளம் அமைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள்; அதையே எடுத்துக்கொள்வோம். தூணின் சுமையை மண்ணில் பரப்பும் அகன்ற அடித்தளமான ஃபுட்டிங் அடுத்த மனைக்குள் நீள முடியாது என்பதால், தூண் ஒரு விளிம்பில் நிற்க, மண்ணின் எதிர்விசை உள்ளே தள்ளி எழுகிறது. அந்த விலகலால் ஃபுட்டிங் திரும்ப முயல்கிறது. அதைத் தடுக்க, உள்தூணின் ஃபுட்டிங்கோடு ஸ்ட்ராப் பீம் என்னும் இணைப்பு உத்தரம் கொண்டு இணைக்கிறோம். தூண்களுக்கு இடையே 4 மீட்டரும், விலகல் 0.5 மீட்டரும் இருந்தால், 350 கிலோநியூட்டன் சுமைக்கு மண்ணின் எதிர்விசை 400 கிலோநியூட்டன் ஆகிவிடும். ஆகவே தூணின் சுமையை மட்டும் வைத்து ஃபுட்டிங்கின் பரப்பை முடிவு செய்துவிடாதீர்கள்.

கணக்கைவிடக் களத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். இந்தப் பீமில் இழுவிசை மேற்புறம் வருகிறது. பீம் என்றாலே முக்கியக் கம்பிகளைக் கீழே வைத்துப் பழகிய கைகள், வரைபடத்தில் தெளிவில்லையென்றால் இங்கும் அப்படியே வைத்துவிடும். கான்கிரீட் இட்டபின் அதை யாராலும் பார்க்க முடியாது. அதனால் வெட்டுத்தோற்றத்தைப் பெரிதாக வரைந்து, முக்கியக் கம்பி மேலே என்று எழுத்திலேயே குறித்துவிடுங்கள். பீமின் அடிப்பகுதி மண்ணில் ஊன்றாதபடி இடைவெளி விடவேண்டும் என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.

களிமண் நிலம் என்கிறீர்கள். வீடு முழுவதும் ஒரே அளவில் அமிழ்ந்தால் பெரும்பாலும் கேடில்லை. ஒரு மூலை மட்டும் இறங்கும்போதுதான் சுவர் பிளக்கிறது. 1956இல் ஸ்கெம்ப்டன், மெக்டொனால்டு என்ற பொறியியல் ஆய்வாளர்கள் பல கட்டடங்களை ஆராய்ந்து, இரு இடங்களின் இறக்க வேறுபாடு அவற்றின் இடைவெளியில் 300இல் ஒரு பங்கை எட்டும்போது சுவர்களில் விரிசலை எதிர்பார்க்கலாம் என்று காட்டினார்கள். 4 மீட்டர் இடைவெளிக்கு அது ஏறத்தாழ 13 மில்லிமீட்டர்தான். பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் ஆழத்தைக் கடந்து அடித்தளத்தை இறக்குங்கள்; அருகில் பெரிய மரம் இருந்தால் அதன் வேர் உறிஞ்சும் ஈரத்தையும் எண்ணிப்பாருங்கள்.

மற்றவை நீங்கள் அறிந்தவையே. குழியின் அடியில் இடும் மெல்லிய மட்டக் கான்கிரீட்டின் மேல், கம்பியை உயர்த்தி நிறுத்தும் 50 மில்லிமீட்டர் கவர் பிளாக் வைத்தே கம்பிவலை அமையட்டும். அதற்குப் பதிலாக உடைந்த செங்கல்லை அனுமதிக்க வேண்டாம். ஃபுட்டிங்கின் ஆழத்தை முடிவு செய்யும்போது, தூண் கம்பியின் வளைவை நம்பாமல் நேர் நீளத்தையே நங்கூர நீளமாக, அதாவது கம்பி கான்கிரீட்டைப் பற்றி நிற்கத் தேவையான நீளமாகக் கொள்வது என் வழக்கம்.

மண் ஆய்வு அறிக்கையையும் அந்த இரு தூண்களின் சுமைகளையும் அனுப்பிவையுங்கள். உள்தூணின் நிலையான சுமையை, அதாவது கட்டடத்தின் சொந்த எடையால் எப்போதும் இருக்கும் சுமையை, தனியாகக் குறிப்பிடுங்கள். ஸ்ட்ராப் அதை மேலே தூக்க முயலும்போது எதிர்நிற்கப்போவது அதுதான்.

அன்புடன்,
உங்கள் நண்பன்