சேகருக்கு: காலையில் கம்ப்யூட்டர் எழும்பாத விஷயம்

பெரம்பூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பி.காம். சேர்ந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் போய்வர முடிவதால் பஸ் நெரிசலும் மிச்சம்.

இனி கடை விஷயம். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் ஆதார் நகலுக்குக் கையில் காகிதத்தோடு நிற்க, கம்ப்யூட்டர் ஐந்து நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்கிறாய். சர்வீஸ் பட்டியலை, அதாவது விண்டோஸில் பின்னணியில் ஓடும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்து தேவையில்லாதது போலத் தெரிவதையெல்லாம் டிசேபிள் செய்யப்போகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அதைச் செய்யாதே. நேரம் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுக் கை வை.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஸ்டார்ட்அப் பக்கத்தில் வலது மேல் மூலையில் ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ என்று நொடிக்கணக்கு இருக்கும். அதுவே இருபது நொடியைத் தாண்டினால் சர்வீஸ்மேல் பழி போடாதே. விண்டோஸ் தொடங்கும் முன்பே போன நேரம் அது. செருகியே விட்ட பென் டிரைவைப் பிடுங்கு, பயாஸில் (விண்டோஸுக்கு முன் மெஷினை எழுப்பும் அடிப்படை புரோகிராம்) பூட் வரிசையை, அதாவது எந்த டிஸ்க்கை முதலில் தேடுகிறது என்பதைப் பார்.

அடுத்து ஈவன்ட் வியூவர், விண்டோஸ் தன் நடப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேடு. அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபாமன்ஸ், ஆபரேஷனல் என்று வரிசையாக உள்ளே போ. ஈவன்ட் ஐடி 100-ல் பூட் ஆன நேரம் மில்லி நொடியில் இருக்கும். 1,80,000 என்றால் மூன்று நிமிடம். டீடெயில்ஸ் பகுதியில் அதையே இரண்டாகப் பிரித்துக் காட்டும். மெயின்பாத் என்பது டெஸ்க்டாப் வரும்வரை, போஸ்ட்பூட் என்பது டெஸ்க்டாப் வந்த பிறகு மெஷினின் ஆரம்ப வேலைகள் ஓயும்வரை. தாமதப்படுத்தியது யார் என்பதும் அங்கேயே பதிவாகியிருக்கும்: 101 என்றால் புரோகிராம், 102 என்றால் டிரைவர், 103 என்றால் சர்வீஸ். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் உன் ஆள். இந்தப் பதிவைப் பார்க்காமல் சர்வீஸை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம் என்பது எனக்கு வருத்தம்.

பிறகு ‘கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்’ என்று தேடி ஒன்றை உண்டாக்கிக்கொள், ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். எந்த சர்வீஸ் முன்பு எப்படி இருந்தது என்பதை பில் புக் பின்பக்கத்தில் குறித்து வை. விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி எம்எஸ்கான்ஃபிக் என்று அடித்து, சர்வீசஸ் பக்கத்தில் ‘ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்’ பெட்டியை டிக் செய். மிஞ்சுவது நாம் நிறுவிய சாமான்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருப்பான்: பழைய பிரிண்டரின் உதவி புரோகிராம், எப்போதோ போட்ட போன் சாஃப்ட்வேர், ஒவ்வொரு கம்பெனியின் அப்டேட்டர். இரண்டு ஆன்ட்டிவைரஸ் இருந்தால் ஒன்றை முறைப்படி அன்இன்ஸ்டால் செய்துவிடு.

எதை நிறுத்துவது என்று உறுதியில்லாத இடத்தில் நிறுத்தாதே, தள்ளிப்போடு. சர்வீஸ் ஜன்னலில் பெயரை டபுள் கிளிக் செய்து, ஸ்டார்ட்அப் டைப்பை ‘ஆட்டோமேட்டிக் (டிலேய்ட் ஸ்டார்ட்)’ என்று மாற்று. மற்ற ஆட்டோமேட்டிக் சர்வீஸ்கள் எழுந்தபின், வழக்கமாக இரண்டு நிமிடம் கழித்துத்தான் அது கிளம்பும். கிளம்பும்போதும் குறைந்த முன்னுரிமையில் கிளம்புவதால் டிஸ்க்கை அதிகம் பிடுங்காது. உன்னுடையது சுழலும் ஹார்ட் டிஸ்க். சிதறிக் கிடக்கும் ஃபைல்கள் என்றால் நொடிக்கு நூறு முறை படித்தாலே அதற்குப் பெரிது. முப்பது சர்வீஸ் ஒரே நேரத்தில் கேட்டால் டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் அங்கும் இங்கும் ஓடியே நேரம் போகும். அந்தக் கூட்டத்தைக் கலைப்பதுதான் வேலை. ஒன்று கவனி: டிபென்டன்சீஸ் பக்கத்தில், வேறொரு ஆட்டோமேட்டிக் சர்வீஸ் இதை நம்பியிருப்பதாகக் காட்டினால் தள்ளிப்போட்டும் பயனில்லை, அதோடு சேர்ந்து இதுவும் உடனே எழுந்துவிடும். விண்டோஸ் சர்ச் ஏற்கெனவே டிலேய்டில்தான் இருக்கிறது, அதை விடு. அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே மெமரியில் ஏற்றிவைக்கும் சிஸ்மெயினை வேண்டுமானால் நிறுத்திப் பார். ஈவன்ட் 100-ல் எண் குறையவில்லை என்றால் பழையபடி போட்டுவிடு.

உன் கடைக்குத் தொடக்கூடாதவை என்று சில உண்டு. பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர் இல்லாமல் ஒரு தாள்கூட வராது. 2021-ல் பாதுகாப்புக் குறை வெளியானபோது அதை நிறுத்தச் சொன்னார்கள். பிரிண்ட்டே எடுக்காத மெஷினுக்குத்தான் அது பொருந்தும். நீ அப்டேட் போட்டு வைத்தால் போதும். ஆதாருக்கான கைரேகை மெஷினை இயக்கும் ஆர்.டி. சர்வீஸ் ஆட்டோமேட்டிக்கிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் காலை முதல் வாடிக்கையாளரின் விரலையே பிடிக்காது. ஜிஎஸ்டி கையெழுத்து டோக்கன் செருகுகிறாய் என்றால் ஸ்மார்ட் கார்டு சர்வீஸை டிசேபிள் செய்யாதே. ரிமோட் புரொசீஜர் கால், டிஎச்சிபி கிளையன்ட், கிரிப்டோகிராஃபிக் சர்வீசஸ் எல்லாம் விண்டோஸின் அடிப்படை சர்வீஸ்கள், அவற்றின் பக்கமே போகாதே.

மாற்றியபின் ஷட் டவுன் செய்து போட்டுப் பார்த்து ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் 10-ல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் என்பது முழு நிறுத்தம் அல்ல. விண்டோஸின் மையமான கெர்னலையும் ஓடும் சர்வீஸ்களையும் டிஸ்க்கில் எழுதிவைத்து மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரீஸ்டார்ட் கொடுத்தே பார். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று சர்வீஸ்களுக்கு மேல் மாற்றாதே; ஏதாவது உடைந்தால் எது என்று தெரிய வேண்டும் அல்லவா.

இவ்வளவும் செய்து மெயின்பாத் ஒரு நிமிடத்துக்குக் கீழே இறங்கவில்லை என்றால் இனி சர்வீஸை நோண்டி லாபமில்லை. ரிச்சி தெருவில் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க் ஒன்று வாங்கு. பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் (முழு நகல்) எடுத்து மாற்றிவிடலாம், ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். அதற்குள் ஈவன்ட் 100-ல் உள்ள எண்ணையும், 101, 103-ல் வரும் பெயர்களையும் போனில் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
பாஸ்கர்