டெனிஸ் லாவின் கோல் யுனைடெட்டை இறக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஸ்காட்லாந்து கால்பந்து வீரர் டெனிஸ் லா பற்றி வந்த கட்டுரையின் நடை நன்றாக இருந்தது. ஆனால் அதன் தலைப்பும் கடைசிப் பத்தியும் அரை நூற்றாண்டாக உலவும் ஒரு கட்டுக்கதைக்கு மறுபடி அச்சு மை பூசியிருக்கின்றன. 1974 ஏப்ரல் 27 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டில், மான்செஸ்டர் சிட்டிக்காக லா குதிகாலால் தட்டிய பந்துதான் அவருடைய பழைய அணியான யுனைடெட்டை இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளியதாம். அந்த சீசனின் புள்ளிப்பட்டியலை ஒருமுறை கூட்டிப் பார்த்தாலே இது நிற்காது.

அப்போது வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. இங்கிலாந்து லீக்கின் உச்ச நிலையான முதல் டிவிஷனில் 22 அணிகள், ஆளுக்கு 42 ஆட்டங்கள். கடைசி இரண்டு அணிகளை இறக்கும் பழைய வழக்கம் போய், மூன்று அணிகளை இறக்குவது அந்த சீசனில்தான் தொடங்கியது. அன்று ஆட்டம் தொடங்கும்போது யுனைடெட்டின் கையில் 32 புள்ளி. மிச்சம் இருந்தவை இரண்டே ஆட்டங்கள்: சிட்டியுடன் ஒன்று, ஸ்டோக்குடன் ஒன்று. இரண்டையும் வென்றாலும் 36-க்கு மேல் போக வழியில்லை. அதே நாளில் பர்மிங்ஹாம் 2-1 என்று நார்விச்சை வென்று 37-ஐ எட்டியது. வெஸ்ட் ஹாம் லிவர்பூலுடன் 2-2 டிரா செய்து அதுவும் 37-இல் நின்றது. யுனைடெட்டின் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

சரி, லாவின் கோலை அழித்துவிட்டுப் பார்ப்போம். ஆட்டம் 0-0, யுனைடெட்டுக்கு 33. ஸ்டோக்கையும் வென்றதாக வைத்துக்கொண்டால் 35. சவுத்தாம்ப்டன் அன்று எவர்ட்டனை 3-0 என்று வென்று 36 புள்ளி எடுத்தும் 20-ஆம் இடத்தில் இறங்கியது. அதாவது, இரண்டு அணிகள் மட்டுமே இறங்கும் பழைய விதியே நீடித்திருந்தாலும் அந்த ஒரு கோலை நீக்குவதால் யுனைடெட் தப்பியிருக்காது. அந்த சீசனில் அவர்கள் 20 ஆட்டங்களில் தோற்று, மொத்தமே 38 கோல்கள்தான் அடித்தார்கள். பழியை அங்கே தேட வேண்டும்.

கதை ஏன் ஒட்டிக்கொண்டது என்பது புரியாததல்ல. 81-ஆம் நிமிடம் பிரான்சிஸ் லீ உள்ளே தள்ளிய பந்தை, கோலுக்கு முதுகைக் காட்டி நின்ற லா குதிகாலால் தட்டினார். யுனைடெட் கோல்கீப்பர் ஸ்டெப்னியைத் தாண்டிப் போய்விட்டது. எந்தக் கொண்டாட்டமும் இல்லை. செத்த முகத்தோடு நின்ற அவரை உடனே வெளியே அழைத்து மாற்று ஆளை இறக்கினார்கள். சில நிமிடங்களில் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்தார்கள், நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார், லீக் நிர்வாகம் 1-0 முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டது. முந்தைய கோடையில்தான் யுனைடெட் மேலாளர் டாமி டாகர்ட்டி ஒரு பைசா வாங்காமல் லாவை விட்டுக்கொடுத்திருந்தார். நாடகத்துக்கு இவ்வளவு இருக்கும்போது கணக்கை யார் பார்ப்பார்கள்?

இந்த ஒரு கோலுக்கு அரைப் பக்கம் கொடுத்த கட்டுரையில் லூட்டன் ஆட்டம் ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை. 1961 ஜனவரி 28, தோற்றால் வெளியேற வேண்டிய இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை, நான்காம் சுற்று. சிட்டிக்காக (இது அவர் அங்கே ஆடிய முதல் தவணை) லா ஒருவரே ஆறு கோல் அடித்து 6-2 என்று முன்னிலை. மைதானம் சேறும் தண்ணீருமாகி 69-ஆம் நிமிடம் ஆட்டம் கைவிடப்பட்டது. கைவிட்ட ஆட்டத்தின் கோல்கள் கணக்கில் சேராது. மறு ஆட்டத்தில் சிட்டி 3-1 என்று தோற்றது. அந்த ஒன்றும் லா அடித்ததே. ஒரே எதிரணிக்கு எதிராக ஏழு முறை பந்தை வலைக்குள் அனுப்பிவிட்டுக் கோப்பையிலிருந்து வெளியேறியவர் வேறு யாராவது உண்டா?

அபர்தீனில் ஒரு மீனவர் வீட்டில் ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி, 1940-இல் பிறந்தவர் என்பதைக் கட்டுரை சொல்கிறது. கண்ணைச் சொல்லவில்லை. மாறுகண் காரணமாகச் சிறுவயதில் ஆடும்போது வலது கண்ணை மூடிக்கொண்டே ஆடியவர். 1955-இல் ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போன பிறகுதான் அறுவை சிகிச்சை நடந்தது. 1956 டிசம்பர் 24 அன்று 16 வயதில் அந்த அணிக்காக முதல் ஆட்டம்.

முழங்கால் விஷயமும் விடுபட்டிருக்கிறது. 1968 மே 29 அன்று வெம்ப்ளியில் யுனைடெட் 4-1 என்று பென்ஃபிகாவை வென்று கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியபோது லா மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார். கட்டுரையோடு போட்ட கோப்பைப் படத்தின் கீழ் ‘லாவின் அணி’ என்று எழுதியது தவறில்லை, ஆனால் அவர் அந்த இறுதி ஆட்டத்தில் ஆடவில்லை என்று சேர்த்திருக்க வேண்டும். அவருடைய உச்சம் அதற்கு முன்பே வந்தது. 1963-64 சீசனில் நான்கு வாரத் தடையையும் தாண்டி எல்லாப் போட்டிகளிலுமாக 46 கோல். யுனைடெட்டில் ஒரு சீசனுக்கான சாதனையாக அது இன்றும் நிற்கிறது. 1964-இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலன் டோர் விருது. அதை வாங்கிய ஒரே ஸ்காட்லாந்துக்காரர் அவர்தான்.

நாட்டுக்காக 55 ஆட்டம், 30 கோல். கென்னி டால்கிளிஷும் அதே 30-ஐத்தான் தொட்டார், அதற்கு அவருக்கு 102 ஆட்டம் தேவைப்பட்டது. கட்டுரையில் டால்கிளிஷை ‘முதலிடம்’ என்றும் லாவை ‘அடுத்த இடம்’ என்றும் போட்டிருப்பது திருத்தப்பட வேண்டியது; இருவரும் சமம்.

கடைசியாக ஒன்று. குதிகால் கோலோடு லாவின் ஆட்ட வாழ்க்கை முடிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஏழு வாரம் கழித்து, 1974 ஜூன் 14 அன்று, மேற்கு ஜெர்மனியின் டார்ட்மண்டில் ஜைருக்கு (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) எதிராக உலகக் கோப்பையில் ஆடினார். ஸ்காட்லாந்து 2-0 என்று வென்றது. 34 வயதில் அவர் ஆடிய ஒரே உலகக் கோப்பை ஆட்டம் அது. ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார். இணையப் பதிப்பில் தலைப்பை மட்டுமாவது மாற்றுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வியாசர்பாடி, சென்னை